நாத்தனார் இழுக்காத கயிறு

என் நாத்தனாரைப் பாராட்டி நாலு வரி எழுதுவேன் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால், போய் வேறு வேலை பாருங்கள் என்று அனுப்பியிருப்பேன். கல்யாணமான மறுநாள் நான் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல மீன் போட மறந்துட்டியா?" என்று கேட்டவள் அவள். அதிலிருந்தே எங்களுக்குள் அவ்வளவாக ஆகாது. எனக்கு வாய் நீளம். அவளுக்கு வாயே கிடையாது, ஆனால் ஒரு பார்வை பார்ப்பாள். அது என் வாயைவிட மோசம்.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. என் மாமியார் பர்மியப் பெண். பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டில் பர்மிய மொழியும் கோயிலில் தமிழும் பேசி வளர்ந்தவர்கள். என் கணவராவது யாங்கோன் நகர நடுவில், கியாக்டடாவில் ஓர் அலுவலகத்தில் தமிழர்களோடு உட்கார்ந்து வேலை பார்த்ததில் நன்றாகப் பேசுவார். அவருக்கு மூன்று வயது மூத்தவளான நாத்தனார் ஆற்றுக்கு அப்பால் கியாக்தானில் வாக்கப்பட்டுப் போய்விட்டாள். புருஷன் இறந்து பல வருஷமாகிறது. ரப்பர் தோட்டங்களுக்குப் பின்னால் ஒரு மரவீடு, அதைச் சுற்றிக் கத்தரியும் கீரையும். விளைந்ததைச் சந்தைக்கு அனுப்பிப் பிழைக்கிறாள். கூடவே காட்டுச்சேவல் பிடிப்பாள்.

இங்கே துப்பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை. அவளிடம் இருப்பது வளர்த்த சேவல் ஒன்றும் கயிறு ஒன்றும்தான். மூங்கில் காட்டுக்குள் அந்தச் சேவலைக் காலில் நூல் கட்டி விடுவாள். அது கூவும். எவனடா என் எல்லைக்குள் வந்து கூவுகிறவன் என்று அந்த இடத்துக் காட்டுச்சேவல் சண்டைக்கு வரும். அந்தப் பக்கம் பிடிக்கிற மற்றவர்கள் சுற்றிலும் சுருக்குக் கண்ணிகளை நட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் மொஹிங்கா சாப்பிட்டுவிட்டு நிதானமாக வருவார்கள். சேவலோ பெட்டையோ, எது மாட்டினாலும் குழம்புதான். என் நாத்தனாருக்கு அது ஆகாது. அவளுடைய சுருக்கு தானாக இறுகாது. அதிலிருந்து நீளமாக ஒரு நைலான் கயிறு போகும், அதன் நுனி புதருக்குப் பின்னால் அவள் கையில் இருக்கும். அவள் இழுத்தால்தான் சுருக்கு விழும்.

"எது வருதுன்னு பாக்காம எப்படிப் பிடிக்கிறது?" என்பாள். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

பெட்டையைத் தொடமாட்டாள். குதிகாலில் முள் நீளாத இளசைத் தொடமாட்டாள். கோழிகள் முட்டையிடுகிற மாதங்களில் அந்தக் கூட்டத்துச் சேவலைத் தொடவே மாட்டாள். கோழிகளெல்லாம் அடைக்கு உட்கார்ந்து, குஞ்சு பொரித்து, சேவலுக்கு வேலை ஓய்ந்த பிறகுதான் கயிற்றை எடுப்பாள். கொல்லப்போகிற சேவலுக்கு உங்கள் அக்கா ஜாதகம் பார்க்கிறாள் என்று என் கணவரிடம் எத்தனையோ தடவை கேலி பேசியிருக்கிறேன். அவர் சிரிப்பார்.

எங்கள் வீட்டுக்கும் அந்தச் சேவல் தேவைப்பட்டது. என் கணவரின் தாத்தா யாங்கோன் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். க்யிம்யிண்டைங் படித்துறைப் பக்கம் ஓர் அரசமரத்தடியில் மூன்று செங்கல்லை நட்டு முனீஸ்வரர் என்று கும்பிட்டார். வந்த வருஷம் வீட்டுக்கோழி வாங்க வக்கில்லாமல் யாரோ காட்டில் பிடித்துக் கொடுத்த சேவலைப் படைத்தாராம். அதுவே சட்டமாகிவிட்டது. எங்கள் முனிக்குக் காட்டுச்சேவல்தான், அதுவும் ஊனமில்லாத முழுச்சேவல். கொண்டை கிழிந்திருக்கக் கூடாது, வாலில் குறை கூடாது, இரண்டு காலிலும் முள் இருக்கவேண்டும். வருஷா வருஷம் ஆடியில் நாத்தனார் கூடையோடு பஸ்ஸில் வந்து இறங்குவாள். ஆடிக்குள் கோழிகள் குஞ்சு பொரித்துவிடும் என்பதால் முனிக்கும் அவளுக்கும் இத்தனை காலமாக ஒரு தகராறும் வரவில்லை.

இந்த வருஷம் பங்குனியில் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் தெருமுனை வருவதற்குள் மூன்று இடத்தில் நின்றார். டாக்டர் நெஞ்சுப் படத்தைக் காட்டி அடைப்பு என்றார், திங்கட்கிழமை நெஞ்சைத் திறக்கவேண்டும் என்றார், தள்ளிப்போட்டால் அடுத்த வலிக்கு நான் பொறுப்பில்லை என்றார். வீட்டுக்கு வந்ததும் இவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு என்னிடம் சொன்னார்:

"முனிக்குப் படைக்காம நான் போகமாட்டேன்."

"ஆடி வர்றதுக்கு இன்னும் எவ்வளவு மாசம் இருக்கு? அதுவரைக்கும் அடைப்பு காத்துக்கிட்டு இருக்குமா?"

"ஆடி வேணாம். இப்பவே படைப்போம். எங்கப்பா படைக்காமத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாரு. திரும்பி வந்தாரா?"

நான் கத்தினேன். அழுதேன். கடையிலிருந்து வெள்ளைக்கோழி வாங்கிவருகிறேன் என்றேன். முனி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார் என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் எதற்கும் பிடிவாதம் பிடிக்காத மனுஷன். சாப்பாட்டில் உப்பில்லை என்றாலும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துபோகிறவர். அவர் பிடித்த ஒரே பிடிவாதம் இப்படி வந்து சேர்ந்தது. பயந்துபோயிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பயத்தோடு வாதாட முடியுமா? நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

விஷயத்தை முழுசாகக் கேட்டாள். பிறகு, "இப்ப முட்டைக் காலம்" என்றாள்.

"மதினி, உங்க தம்பி உயிர் முக்கியமா, கோழி முட்டை முக்கியமா?"

"வா. பாப்போம்" என்று வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவரைப் பக்கத்து வீட்டாரின் பொறுப்பில் விட்டுவிட்டு நானே கியாக்தானுக்குப் பஸ் ஏறினேன். கூடவே இருந்து வாங்கிக்கொண்டு வராவிட்டால் இவள் ஜாதகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று பயம். சனிக்கிழமை விடியும்போது மூங்கில் காட்டுக்குள் இருந்தோம். காய்ந்த இலை காலுக்கடியில் நொறுங்கியது. அவள் நடந்தால் மட்டும் சத்தமே இல்லை. ஓரிடத்தில் குனிந்து எச்சத்தைப் பார்த்தாள், இன்னோரிடத்தில் புழுதியில் சேவல் புரண்ட குழியைப் பார்த்தாள். அந்தக் குழியிலிருந்து பத்தடி தள்ளி வளர்ப்புச் சேவலைக் கட்டினாள். சுருக்கை இலைக்குள் மறைத்துக் கயிற்றைப் புதருக்குப் பின்னால் கொண்டுவந்தாள். கயிற்றின் நடுவில் ஓரிடத்தை மூங்கில் வேரில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். மிச்சத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அதுவும் அவளுடைய பழக்கங்களில் ஒன்று போலிருக்கிறது என்று நினைத்து நான் கேட்கவில்லை.

வளர்ப்புச் சேவல் கூவியது. மேட்டுக்கு மேலிருந்து பதில் வந்தது. பிறகு இன்னும் பக்கத்தில். பிறகு அது வந்தே விட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியொரு சேவலை நான் பார்த்ததில்லை. கழுத்து மயிரெல்லாம் நெருப்பு நிறம். வால் வளைந்து தரையைத் தொட்டது. கொண்டையில் ஒரு கீறல் இல்லை. இரண்டு முள்ளும் கட்டைவிரல் நீளம். முனீஸ்வரரே ஆள் அனுப்பி வைத்தது போல வந்து நின்று, இறக்கையைத் தாழ்த்தி, எங்கள் சேவலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. ஒரு கால் சுருக்குக்குள் இருந்தது.

நாத்தனார் இழுக்கவில்லை.

"இழுங்க" என்று காதோரம் சொன்னேன்.

அவள் மோவாயால் மேட்டைக் காட்டினாள். அங்கே மூன்று பெட்டைகள் சருகைக் கிளறிக்கொண்டிருந்தன.

"மூணும் ஒண்ணா மேயுது பாரு. நிதானமா மேயுது. அடைக்கு உக்காந்த கோழி இப்படி மேயாது. தனியா வரும், அவசரமா நாலு கொத்துக் கொத்தும், ஓடும். இதுங்க இன்னும் உக்காரல. இப்ப இவனை எடுத்தா மூணும் கலைஞ்சிடும்."

"நாளை மறுநாள் ஆபரேஷன் மதினி."

"தெரியும்."

"அவரு போகமாட்டேங்கிறாரு."

"தெரியும் புள்ள."

சேவல் காலை எடுத்து வெளியே வைத்தது. மறுபடி சுற்றியது. மறுபடி உள்ளே வைத்தது. அவள் முகத்தில் ஓர் அசைவு இல்லை. தனக்கா மரச்சாந்து பூசிய கன்னம் சுவர் மாதிரி இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை. கூடப் பிறந்தவளாம், கூடப் பிறந்தவள்! அவளைத் தாண்டிக் கையை நீட்டி, வேரில் இருந்த முடிச்சுக்கும் சுருக்குக்கும் நடுவே கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன்.

காடே அதிர்ந்தது. இறக்கை அடிப்பும் அலறலும் புழுதியுமாக இருந்தது. நாத்தனார் எழுந்து ஓடிப்போய், தோளில் கிடந்த துணியை அதன் தலைமேல் போட்டு அமுக்கினாள். அலறல் நின்றது. சுருக்கைக் காலிலிருந்து கழற்றினாள், காலில் அடி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள், பிறகு சேவலைத் துணியோடு கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி, அந்த வேகத்திலேயே பஸ் ஏறியிருப்பேன்.

"என் புருஷன் செத்த வருஷம் இதே மாசம் நானும் ஒண்ணை இழுத்தேன்" என்றாள். "கைக்கு ஏதாவது வேலை வேணும்னு இருந்துச்சு. இவனை மாதிரிதான் அவனும். அப்புறம் ரெண்டு மழைக்காலம் இந்தக் காட்டுல ஒரு கூவல் இல்ல."

"அதனாலதான்னு எப்படிச் சொல்றீங்க? நரி பிடிச்சிருக்கும், வேற யாராவது கண்ணி வச்சிருப்பாங்க."

"இருக்கும். எனக்கு அது தெரியாது. நான் இழுத்தேன், கூவுறது நின்னுச்சு. அவ்வளவுதான் தெரியும்." கயிற்றைக் கையில் சேர்த்துக்கொண்டே, "யாபாடே, பரவாயில்ல. நீ இழுத்தது. நீயே முடிவு பண்ணு" என்றாள்.

சேவல் என் கைகளுக்குள் சூடாக இருந்தது. துணிக்கடியில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. சில வாரங்களாக அவர் கண்ணயரும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறவள் நான். அந்தத் துடிப்பு என் உள்ளங்கைக்குப் பழகியிருந்தது. மேட்டில் மூன்று பெட்டைகளும் ஓடிப்போகவில்லை. சற்றுத் தள்ளி நின்று மெல்லக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தன. எடுத்துக்கொண்டு நடந்தால் நாத்தனார் தடுத்திருக்கமாட்டாள், கூடையைக்கூட அவளே தந்திருப்பாள். எனக்கு அவள் மேல் கோபம், அவர் மேல் கோபம், முனி மேலும் கோபம். அந்தக் கோபத்தோடேயே துணியை விலக்கிக் கையை விரித்தேன். "போய்த் தொலை சனியனே" என்றேன். அது போனது.

நாங்கள் கயிற்றைச் சுற்றி முடிப்பதற்குள் மேட்டுக்குப் பின்னாலிருந்து கூவியது. இரண்டு தடவை. நாத்தனார் தலையைத் தூக்கிக் கேட்டாள். பிறகு என் தலையில் ஒட்டியிருந்த ஒரு சருகை எடுத்துப் போட்டாள்.

அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை. அவர் போகமாட்டேன் என்று சொல்லப்போவது காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் நாத்தனார் என்னை எழுப்பி, ஓடையைத் தாண்டி ரப்பர் தோட்டத்து ஓரம் கூட்டிப்போனாள். அவளுக்குத் தெரிந்த ஒரு கிழட்டுச் சேவல் அங்கே இருந்தது. முன்பு மேட்டில் ராஜாங்கம் பண்ணியது அதுதானாம். நேற்றுப் பார்த்ததுதான் அதை அடித்து விரட்டியதாம். இப்போது பெட்டை கிடையாது, எல்லை கிடையாது, கூவினால்கூடப் பாதியில் உடைந்துபோகிறது. அன்றும் கயிற்றை ஒரு வேரில் கட்டினாள். கிழம் தயங்கித் தயங்கி வந்தது. ஒரு முள் ஒடிந்திருந்தது. வாலில் ஒரே ஒரு நீள இறகு. ஆனாலும் எங்கள் சேவலைப் பார்த்ததும் கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு சண்டைக்கு நின்றது. நாத்தனார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதிலிருந்து கண்ணை எடுக்காமலே முடிச்சை அவிழ்த்தாள். இழுத்தாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் பொய் தயாரித்துக்கொண்டிருந்தேன். முள், கூடையில் ஒடிந்துவிட்டது என்று சொல்லலாம். வால், பிடிக்கும்போது பிய்ந்துவிட்டது என்று சொல்லலாம். மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. நாத்தனார் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டு வாசலிலேயே அவர் உட்கார்ந்திருந்தார். கூடையைத் திறந்து பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் பேசிவிட்டாள்.

"தம்பி, முழுச்சேவல் கெடைச்சுச்சு. முட்டைக் காலம், விட்டுட்டோம். இவன் கிழவன். இவனைத்தான் கொண்டுவர முடிஞ்சுது."

போயும் போயும் இப்பவா இவளுக்கு வாய் முளைக்கவேண்டும் என்று நினைத்தேன். அவர் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழம் அவர் விரலைக் கொத்தப் பார்த்தது.

"விட்டப்புறம் கூவுச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"கூவுச்சு. நாங்க கயித்தச் சுத்துறதுக்குள்ள ரெண்டு தடவை கூவிட்டான்."

தலையை ஆட்டினார். கூடையை மூடி, "அப்ப சரி" என்றார். "முனி கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

அன்று சாயங்காலம் அரசமரத்தடியில் அவரே சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "இவனுக்கும் வயசாச்சு, எனக்கும் ஆச்சு. பொறுத்துக்க சாமி" என்றார். ஒரு மனுஷன் தன் பயத்தைத் தானே எடுத்துக் கீழே வைப்பதை அன்றுதான் பார்த்தேன். முப்பது வருஷமாக இவரைச் சாது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கென்ன தெரியும்.

திங்கட்கிழமை காலை அவரை உள்ளே கொண்டுபோனார்கள். நானும் நாத்தனாரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. நான் வாங்கிவந்த டீ அவள் பக்கத்தில் ஆடை கட்டிக் கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் டாக்டர் வந்து, நல்லபடியாக முடிந்தது, கண் விழித்துவிடுவார் என்றார். நான் சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதேன். அவள் அழவில்லை. இடுப்பில் கட்டியிருந்த பர்மிய லுங்கியின் முனையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே இருந்தாள். நான் அழுது முடியும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்:

"கயித்தை ஏன் வேர்ல கட்டினேன்னு நீ கேக்கவே இல்ல."

"உங்க பழக்கம்னு நினைச்சேன் மதினி."

"பழக்கம் இல்ல. இந்த ரெண்டு நாளுந்தான் கட்டினேன். தம்பிக்குன்னா என் கை என் பேச்சைக் கேக்காது. முடிச்சை அவிழ்க்கிற நேரத்துலயாவது புத்தி வரட்டும்னு கட்டினேன்."

அந்தப் புதருக்குப் பின்னால் சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தவளைக் கல்நெஞ்சுக்காரி என்று மனசார வைதிருந்தேன். அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

"நீ இழுத்தப்ப" என்றாள், என்னைப் பார்க்காமல். "முதல்ல எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு புள்ள."